பேசும் கடிகாரம் பற்றி ஒரு திருத்தம்

பார்வையில்லாதவர்களுக்கான வீட்டுக் குறிப்புகள் என்று ஒரு கேசட் பேசிக் கொடுத்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திண்டுக்கல்லில் பார்வையில்லாதவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவோம். அந்தக் கூட்டத்தில் ஓயாமல் வாயாடுகிறவள் நான்தான் என்பதால் இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம், இரண்டு பக்கமும் நிரம்பப் பேசினேன். அதைப் பிரதி எடுத்து செம்பட்டி, ஒட்டன்சத்திரம், பழனி என்று கைமாற்றிக்கொண்டார்கள்.

பிறவியிலேயே பார்வை கிடையாது என்பதால் என்னிடம் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஷாம்பு பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்டு, எண்ணெய் பாட்டிலில் இரண்டு. காலை மாத்திரை அட்டையில் ஒரு மூலையை வெட்டுங்கள், சாயங்கால மாத்திரைக்கு இரண்டு மூலை. கேஸ் அடுப்பின் திருகில் சிம் வருகிற இடத்தில் மிளகளவு எம்சீல் ஒட்டுங்கள். துவைத்த சேலையையும் அதற்கான ஜாக்கெட்டையும் ஒரே ஊக்கில் கோத்து மடியுங்கள். செல்போனில் ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு மேடு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்கள் எங்கேயும் ஓடிவிடாது. இப்படி எத்தனையோ. எல்லாமே நான் சுட்டுக்கொண்டும் இடித்துக்கொண்டும் கற்றவை.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஒரு குறிப்பை மட்டும் கோபமாகச் சொல்லியிருந்தேன். "பேசும் கடிகாரத்தை முழுசா நம்பாதீங்க. பேட்டரி இறங்குச்சுன்னா சொல்லாமக் கொள்ளாம மெதுவா ஓட ஆரம்பிச்சுரும். முக்கியமான நாள்ல கழுத்த அறுத்துரும். எனக்கு அறுத்துச்சு."

அந்தக் குறிப்பு தவறு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். மற்ற குறிப்புகளெல்லாம் சரியானவை, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கடிகாரம் எனக்குக் கிடைத்தது. நான் விடுதியில் தங்கிப் படித்த பள்ளியின் கன்னியாஸ்திரி ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும். மேலே இருக்கிற பெரிய பட்டனை அழுத்தினால் ஒரு பெண் இங்கிலீஷில் மணி சொல்லுவாள். எங்கள் வீட்டில் அவளுக்கு வெள்ளைக்காரி என்று பெயர். சுவர்க் கடிகாரம் நின்று போய் வெகுநாளாகியிருந்தது. இவள் வந்த பிறகு அதைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா, "பாப்பா, வெள்ளைக்காரி என்ன சொல்றா?" என்பாள். நான் அழுத்திப் பார்த்துத் தமிழில் சொல்லுவேன். கண்ணுள்ள மூன்று பேருக்கு மணி சொல்கிறவள் நான் என்பதில் எனக்கு அவ்வளவு திமிர்.

அந்த மூன்று பேர், அப்பா, அம்மா, அண்ணன். நாகல் நகரில் ஒரு சின்ன வாடகை வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிஷம் தாமதமாக வந்த பையனையும் வாசலில் முட்டி போடவைத்தவர் என்று ஊரே சொல்லும். அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஒரு பூட்டுக் கடையில் வேலை. அம்மாவுக்கு வீடும் கோயிலும்தான். நாங்கள் கத்தோலிக்கர்கள், கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலைத்தான்.

எங்கள் வீட்டுக்குள் நேரம் காது வழியாகவும் வரும். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, மூன்று வேளையும் கோயில் மணி அடிக்கும். தெருக்கோடிப் பள்ளிவாசலில் விடிவதற்கு முன் பாங்கு சொல்லுவார்கள், அடுத்த பாங்கு மத்தியானம்தான். எட்டு மணிக்கு நூல் மில்லில் சங்கு ஊதும். காலை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே எனக்கு இருந்ததெல்லாம் ரேடியோவும் வெள்ளைக்காரியும் மட்டும்தான்.

நான் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி ஆறு மாதம் முடித்திருந்தேன். மெட்ராஸில் ஒரு பெரிய அலுவலகத்தில் பார்வையில்லாதவர்களுக்கென்று ஒரே ஒரு ஆபரேட்டர் வேலை ஒதுக்கியிருந்தார்கள். தேர்வு மதுரையில். காலை பத்து மணிக்குள் வந்து பெயர் கொடுக்க வேண்டும், அதன் பிறகு சுவிட்ச் போர்டில் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். எனக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிந்தது. போனால் அதுதான், விட்டால் வீடுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பயிற்சியில் என்னோடு போட்டி போட ஆள் கிடையாது. கிடைத்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். அவர்களும் அப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் நடந்தது நடந்தது.

அன்று காலை கோயில் மணி அடித்தபோது வழக்கம்போல வெள்ளைக்காரியை அழுத்திப் பார்த்தேன். இட்ஸ் சிக்ஸ் ஏயெம் என்றாள். இரண்டும் ஒத்துப்போனதும் மனது நிறைந்தது. அப்பா என் நெற்றியில் சிலுவை வரைந்து, "நல்லபடியா நடக்கும்மா" என்று சொல்லிவிட்டு, ஆத்தூரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று உடனே கிளம்பினார். வாசல் வரை வந்து என்னை வழியனுப்பாமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. ரேடியோவைத் திருகினேன், பேசவில்லை. பேட்டரி தீர்ந்துபோச்சு என்றான் அண்ணன். செபம் சொல்லி, காப்பி குடித்து, சேலையை இஸ்திரி போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். குளியலறையும் அடுப்படியும் ஒரே சுவர். நான் குளித்து முடிக்கிறவரை அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது.

குளித்து உடுத்திக்கொண்டு வந்து பட்டனை அழுத்தினால் ஆறு இருபத்தைந்து என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா, இம்புட்டு வேகமாக் குளிச்சுட்டேம்மா!" என்று கத்தினேன். சாப்பிட உட்கார்ந்தேன். சட்னி வெண்ணெய் மாதிரி அரைபட்டிருந்தது, பல்லில் ஒரு தேங்காய்த் துருவல் தட்டுப்படவில்லை. சட்னி இன்னைக்கு அருமையா இருக்கு என்றேன். "நேரந்தான் கெடக்கே, இன்னும் ரெண்டு வச்சுக்க" என்று அம்மா இட்லி போட்டாள். நானும் நிதானமாகச் சாப்பிட்டேன்.

ஏழே காலுக்கு அண்ணனோடு ஆட்டோவில் ஏறினேன். பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது மில் சங்கு ஊதியது. "அண்ணே, என்ன அதுக்குள்ள சங்கு?" என்றேன். "அது வேற மில்லு, அங்க ஏழரைக்கே ஷிப்டு" என்றான். சின்ன வயதிலிருந்து கேட்ட சங்கு. அதை நான் நம்பவில்லை, அண்ணனை நம்பினேன்.

மதுரையில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது கையிலிருந்த கடிகாரத்தில் மணி ஒன்பது நாற்பது. வாசலில் என் பெயரைச் சொன்னேன். "பத்து இருபதாச்சேம்மா. பத்து மணிக்கே லிஸ்ட்ட மூடியாச்சு" என்றார் அங்கிருந்த அதிகாரி. நான் சிரித்தேன். உங்கள் கடிகாரம் தப்பு சார் என்று சொல்லி, கையை உயர்த்தி, அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி பட்டனை அழுத்தினேன். இட்ஸ் நைன் ஃபார்ட்டி ஏயெம் என்று வெள்ளைக்காரி கணீரென்று சொன்னாள். சுற்றிலும் சிரிப்புச் சத்தம். துணைக்கு வந்திருந்தவர்களில் நாலைந்து பேர் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வாட்சைப் பார்த்துப் பத்து இருபது, பத்து இருபத்தொன்று என்று சொன்னார்கள். அண்ணன், "கண்ணு தெரியாத பிள்ள சார், கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்" என்று கெஞ்சினான். "இங்க வந்திருக்கிற ஒருத்தருக்கும் தெரியாதுப்பா, அவங்க பத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க" என்றார் அதிகாரி. அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே யாரோ சுவிட்ச் போர்டில் நம்பர் போடுகிற சத்தம் கேட்டது. நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். நான் அதைவிட வேகமாகப் போடுவேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், "என் வாட்சு ரிப்பேர்ல கெடக்கு. உன் கடிகாரத்த நம்பி வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றான் அண்ணன். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கடையில் லீவு சொல்லிவிட்டு எனக்காக அலைந்தானே என்று அழுதுகொண்டே கேட்டேன். "பரவால்ல விடு" என்றான். வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தை வாங்கி, புது பேட்டரி போட்டு, மணியைச் சரியாக வைத்துக் கொடுத்தான். அப்பா சாயங்காலம் வந்து எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைவிட அதிகமாக அழுதாள்.

அதன் பிறகு நான் வீட்டில் இருந்தேன். அவ்வளவுதான் சொல்வதற்கு இருக்கிறது. அண்ணனுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போனான். அப்பா காலமானார். நானும் அம்மாவும் வெள்ளைக்காரியும் மிஞ்சினோம். அவள்மேல் இருந்த கோபத்தில் பல வருஷம் அவளைத் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தேன். எடுத்தபோதெல்லாம் சரியாகத்தான் ஓடினாள்.

கேசட் சுற்றுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் போன் வந்தது. செம்பட்டியில் டெலிபோன் பூத் வைத்திருக்கும் ஒருவர், அவருக்கும் பார்வை கிடையாது. ரேடியோ, கடிகாரமெல்லாம் தடவிப் பார்த்தே கழற்றி மாட்டுவாராம்.

"அக்கா, கேசட்டு நல்லாருக்கு. ஆனா அந்தக் கடிகாரக் குறிப்பு மட்டும் தப்புக்கா. எடுத்துருங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அனுபவிச்சவ சொல்றேன், தப்புங்கிறீங்களே தம்பி?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பேசுற கடிகாரத்துல பேட்டரி எறங்குனா மொதல்ல கொரலுதான் போகும். கரகரங்கும், இழுக்கும், அப்புறம் பேசவே பேசாது. அதுக்கப்புறமும் உள்ள மணி சரியாத்தான் ஓடிக்கிட்டிருக்கும். அன்னைக்குக் கொரலு எப்படி இருந்துச்சு?"

"கணீர்னு இருந்துச்சு."

"எம்புட்டு நேரம் பிந்திக் காமிச்சுச்சு?"

"நாப்பது நிமிசம்."

"காலையில சரியா இருந்துச்சா?"

"கோயில் மணியோட சரியா இருந்துச்சு."

பூத்துக்குள் மீட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அக்கா, அது கடிகாரம் பண்ணுனதில்லக்கா" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷர்.

போனை வைத்துவிட்டு வெள்ளைக்காரியைத் துணியிலிருந்து எடுத்தேன். முதுகில் குண்டூசித் தலையளவு இரண்டு பட்டன்கள். வாங்கிய நாளிலிருந்து அதை அண்ணன்தான் தொட்டிருக்கிறான், நான் கற்றுக்கொண்டதே இல்லை. உலகத்துக்குக் குறிப்பு சொல்கிற நான் என் கடிகாரத்துக்கு மணி வைக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். ஒன்றை நகத்தால் அழுத்தினேன். அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்தைத் தள்ளி அதை வாய்விட்டுச் சொன்னாள். ஐம்பத்தொன்பது முடிந்ததும் மணி மாறாமல் நிமிஷம் மட்டும் மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது. ஆறு நாற்பத்தைந்தை ஆறு ஐந்தாக ஆக்க இருபது தடவை அழுத்த வேண்டும். இருபது தடவையும் சத்தமாகச் சொல்லுவாள். இந்தச் சின்ன வீட்டில் அது எனக்குக் கேட்காமல் போயிருக்க முடியாது. அப்போதுதான் அந்தச் சட்னி நினைவுக்கு வந்தது.

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து, "அன்னைக்கு என் கடிகாரத்த மாத்துனது யாரும்மா?" என்று கேட்டேன்.

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "யாரு சொன்னா?" என்றாள்.

பிறகு ஒரு வெங்காயத்தை முழுதாக உரித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "அப்பா ரேடியோ பேட்டரிய எடுத்துட்டுப் போயிட்டாரு. மணிய மாத்துனது அண்ணன். நான் மிக்ஸிய மட்டுந்தான் போட்டேன் பாப்பா."

மட்டும்தான் என்றாள். நாற்பது நிமிஷத்தை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டதில் தன் பங்கு ரொம்பச் சின்னது என்கிற மாதிரி. முதல் நாள் நான் வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளக் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

"ஏம்மா?"

"மெட்ராஸ்ல தனியா எப்படி இருப்ப? அண்ணனுக்கு வேற பொண்ணு பாத்துக்கிட்டிருந்தோம். குருட்டுப் பிள்ளைய வேலைக்கு அனுப்பிட்டு உக்காந்து சாப்புடுறாங்கன்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா?"

"போகாதன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கேப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன், போயிருப்பேன். என்னோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்துதான் கடிகாரத்தைப் பிடித்திருக்கிறார்கள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சமாதானம் சொல்கிற குரலில், "அந்தத் தவக்காலத்துலயே நாங்க மூணு பேரும் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டோம்" என்றாள். "நம்ம பங்குச் சாமியாருகிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. தியானம் குடுக்க வந்த வெளியூருச் சாமியாருகிட்டச் சொன்னோம். பரிகாரமா ஆளுக்குப் பத்து அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னாரு."

"சொன்னீங்களா?"

"சொன்னோமே. சாயங்காலம் வீட்டுல செபமாலை சொல்லுவோம்ல, அதுலயே சொல்லிட்டோம்."

எங்கள் வீட்டில் செபமாலையை முன்னின்று சொல்கிறவள் நான். எனக்குத்தான் எல்லாம் மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல அவர்கள் பின்னால் சொல்லுவார்கள். எனக்குச் செய்த துரோகத்துக்கான பரிகாரத்தை என் வாயாலேயே சொல்லவைத்துக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டவருக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத ஒரு சாமியாருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் மன்னித்தும் விட்டார்கள். பஸ்ஸில் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டவள் நான் ஒருத்திதான். என்னிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கும் அம்மா கேட்கவில்லை, மீதி வெங்காயத்தை உரித்தாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறான். நான் எடுத்தால் ஒன்றும் பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஏன் என்று அவன் கேட்டதில்லை. அம்மா சொல்லியிருப்பாள்.

ஆகையால் இதுதான் திருத்தம். பேசும் கடிகாரத்தை நம்பலாம், அது மெதுவாக ஓடாது. குரல் கரகரத்தால் பேட்டரியை மாற்றுங்கள். மணி வைக்கும் பட்டன்களை நீங்களே தடவிக் கற்றுக்கொள்ளுங்கள், வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். யாராவது அதைத் தொட்டால் அது சத்தம் போட்டுச் சொல்லும். அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் அம்மாவும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். வேறு எங்கே போவது? இப்போதெல்லாம் அம்மா சட்னி அரைப்பதற்கு முன்னால், "மிக்ஸி போடுறேன் பாப்பா" என்று ஒரு குரல் கொடுக்கிறாள். நான் மிக்ஸி நிற்கிற வரை வெள்ளைக்காரியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.